கண் திறக்காத பத்துப் பேர்

நவம்பர் 9, 2024, சனி

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். மார்வெல் யுனைடெட். சூப்பர்ஹீரோ பொம்மைகளை வைத்து மேசையில் ஆடும் விளையாட்டு. 2021இல் மகனின் பிறந்தநாளுக்கு வாங்கியது. மூன்று முறை ஆடியிருப்பான். பிறகு பொதுத்தேர்வு, பிறகு விடுதி. நான் வண்ணம் பூசட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "உன் இஷ்டம் அம்மா, ஹல்க்கை மட்டும் பச்சை ஆக்கிவிடாதே" என்றான். ஏன் என்று கேட்பதற்குள் வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

ஏழு நல்லவர்கள், மூன்று கெட்டவர்கள். கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன், ஹல்க், பிளாக் விடோ, கேப்டன் மார்வெல், ஆன்ட் மேன், வாஸ்ப். எதிரில் ரெட் ஸ்கல், அல்ட்ரான், டாஸ்க்மாஸ்டர். உடல் சிறுத்து, தலை பெருத்து, தஞ்சாவூர்த் தலையாட்டிக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். முதன்முதலாகப் பூசுகிறவளுக்கு இந்தப் பெரிய தலை ஒரு வரம் என்று சொல்கிறார்கள். பார்ப்போம்.

இரவு எப்படியும் விழித்திருக்க வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

பத்துப் பேருக்கும் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக எதையோ தடவி வார்க்கிறார்களாம். அந்தப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வண்ணம் பிடிக்காது. வடிதட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். காலையில் வேலைக்கு வந்த பெண் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கிறதா அக்கா?" என்று கேட்டாள்.

டாஸ்க்மாஸ்டரின் வாள் பெட்டிக்குள் கிடந்து கோணிப்போயிருந்தது. கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, விரலால் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டேன். அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அம்மாவின் எக்ஸ்ரே உறை மேசை மேலேயே கிடந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

நவம்பர் 11, திங்கள்

மழை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. அம்மா என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். இரண்டு முறை.

நவம்பர் 13, புதன்

பொறுமை இல்லாதவளுக்குக் கிடைத்த தண்டனை. மாலையில் வானம் கொஞ்சம் வெளிறியது. பிரைமர் ஸ்பிரே டப்பாவோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். பிரைமர் என்பது வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசி வீசி அடிக்க வேண்டும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். காற்றில் ஈரம் இருந்தால் அடிக்காதே என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. எறும்பு அளவு எழுத்து. கார்த்திகைக்கு முந்தைய சென்னையில் காற்றில் ஈரம் இல்லாத நாளை எங்கே போய்த் தேடுவது?

நல்லவேளை, சோதனைக்கு ஒருவனைத்தான் கொண்டுபோயிருந்தேன். ரெட் ஸ்கல். முகம் முழுக்க ரவையை அப்பியதுபோல் பொரிப்பொரியாக ஆகிவிட்டது. தேய்த்துப் பார்த்தேன். பாதிகூடப் போகவில்லை.

இரவு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்தேன். அம்மா திரும்பிப் படுக்கும்போது பார்த்துவிட்டாள்.

"இவன் யார்?"

"ரெட் ஸ்கல் அம்மா. கெட்டவன்."

"அம்மை போட்டிருக்கிறதே. வேப்பிலை வைத்தாயா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

கையால் பூசும் பிரைமர் தபாலில் வந்தது. சாம்பல் நிறம். மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவில் காய விட்டு. ரெட் ஸ்கல்லைத் தவிர ஒன்பது பேரும் ஒரே சாம்பலில் வரிசையாக நிற்கிறார்கள். வண்ணம் போட்டுக் கெடுக்க மனம் வரவில்லை.

மகன் பேசினான். ஹல்க் விஷயம் இதுதானாம்: 1962இல் வந்த அவனுடைய முதல் காமிக்ஸ் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தில்தான் இருந்தான். அச்சில் அந்தச் சாம்பல் நிலைக்கவில்லை, பக்கத்துக்குப் பக்கம் ஒரு நிறமாக விழுந்தது, அதனால் இரண்டாவது இதழிலேயே பச்சை ஆக்கிவிட்டார்கள். அயர்ன் மேன்கூட 1963இல் வந்தபோது சாம்பல் கவசம்தானாம். அடுத்த இதழில் பொன் நிறம், அந்த வருடம் முடிவதற்குள் சிவப்பும் பொன்னும். "எல்லாரும் முதல் இதழில் நிற்கிறார்கள் அம்மா, ஒருவனையாவது அங்கேயே விடு" என்றான். இந்தப் பையன் இதையெல்லாம் எப்போது படித்தான்?

அண்ணாவும் பேசினான். அந்த இடத்தின் விவரங்களை அனுப்பியிருக்கிறானாம். பார்த்தாயா என்றான். பார்க்கிறேன் என்றேன். முப்பதாம் தேதி இரவு வருகிறான்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று முழுக்கத் தண்ணீர் அளவு. எல்லாரும் "வண்ணத்தை நீர்க்கச் செய், பால் பதத்துக்குக் கொண்டுவா" என்றே சொல்கிறார்கள். எந்தப் பால்? கறந்த பாலா, பாக்கெட் பாலா, காபிக்கடைப் பாலா? கேப்டன் மார்வெலின் நீலத்தைக் குழாயிலிருந்து பிதுக்கியபடியே பூசினேன். கையுறையின் மடிப்பெல்லாம் மூடிப்போய், இட்லி மாவில் முக்கி எடுத்ததுபோல் ஆனாள். துடைத்தேன். தண்ணீரைக் கூட்டினேன். இப்போது மேட்டில் நிற்காமல் எல்லாம் பள்ளத்துக்கு ஓடியது. துடைத்தேன்.

அம்மா விழித்திருந்தாள். இன்று தெளிவான நாள். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாக்கோல மாவு அரைத்ததே இல்லையா நீ?" என்றாள். இழையை விரலில் எடுத்தால் நுனியில் ஒரு நொடி நின்று பிறகு இறங்க வேண்டும். தானாக ஓடினால் தண்ணீர் அதிகம், அசையாமல் நின்றால் தரையில் திட்டாகக் காய்ந்து உரிந்து வரும். தூரிகையை வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு சொட்டு என்றாள். விட்டேன். பிறகு கேப்டன் மார்வெலின் கை மேல் பூசினேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. முதல் பூச்சில் சாம்பல் தெரிந்தது, காய்ந்தபின் இரண்டாவதில் நீலமாகிவிட்டது. கையுறையின் ஒரு மடிப்புகூட மறையவில்லை.

நாற்பது வருடம் வாசலில் குனிந்து இழுத்த கை. இப்போது டம்ளரைத் தூக்கினால் தளும்புகிறது. அந்த ஒரு கோடு மட்டும் ஆடவே இல்லை.

டிபன் டப்பா மூடியில் ஈரமான டிஷ்யூ காகிதம், அதன்மேல் பட்டர் பேப்பர். அதில் வைத்தால் வண்ணம் மணிக்கணக்கில் காயாது. மின்விசிறியை நிறுத்த முடியாத அறையில் இது பெரிய உபகாரம்.

நவம்பர் 18, திங்கள்

"அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா?" ரெட் ஸ்கல்லைத்தான் கேட்கிறாள்.

நவம்பர் 20, புதன்

கண் பிரச்சினை. பயிற்சி வீடியோக்களில் பலர் கண்ணை முதலில் போட்டுவிடு என்கிறார்கள். கை தவறினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் சரிசெய்துகொள்ளலாம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். அம்மாவிடம் சொன்னதுதான் தவறு. கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்கிறாள். ஸ்தபதி எல்லாம் முடித்துவிட்டு நல்ல நேரம் பார்த்துத் திறப்பார், அதுவரை அது பொம்மை. பிளாஸ்டிக் அம்மா என்றேன். "கண் திறந்தபின் அதன் எதிரில் எதையும் பேச முடியாது" என்றாள்.

அதனால் எல்லாரும் குருடாக இருக்கிறார்கள். நானும் அண்ணாவும் இந்த அறையில் வைத்துத்தான் தொலைபேசியில் பேசுகிறோம்.

நவம்பர் 22, வெள்ளி

மஞ்சளைப்போல ஒரு துரோகி கிடையாது. வாஸ்ப்பின் உடைக்கு நான்கு பூச்சு போட்டும் சாம்பல் தெரிந்தது. தெரிந்ததோடு நிற்கவில்லை, மஞ்சள் பச்சையாகத் திரிந்து பித்தம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் சந்தன நிறத்தை அடியில் போட்டுவிட்டு அதன்மேல் மஞ்சள் போட்டபோது இரண்டே பூச்சில் எழுந்தது. சிவப்பும் இப்படித்தான் சோதிக்கிறது. அதற்கு அடியில் செங்கல் நிறம் போட்டேன்.

அந்த இடத்தின் மாதக் கட்டணத்தில் துணி துவைப்பது சேர்த்தியா என்று எங்குமே போடவில்லை.

நவம்பர் 23, சனி

வாஷ்! இதை ஏன் யாரும் முதல் நாளே சொல்லவில்லை. தண்ணீராக ஒரு பழுப்புக் கரைசல். பொம்மைமேல் பூசினால் பள்ளங்களில் தானாகப் போய்த் தங்கி, காய்ந்தால் நிழல். தட்டையாக நின்ற பிளாக் விடோவுக்கு முடியில் கற்றை கற்றையாக இழை வந்துவிட்டது. தேங்கிய இடத்தில் ஈரத் தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காபிக் கறைபோல் வளையம் கட்டும். ஆன்ட் மேனின் தோளில் கட்டிவிட்டது. பரவாயில்லை, நிறைய சண்டை பார்த்தவன்.

இன்று எட்டு அடி நடந்தாள். வாக்கரோடு, ஹால் கதவு வரை.

நவம்பர் 26, செவ்வாய்

கேடயம். நடுவில் நீலம், அதில் வெள்ளை நட்சத்திரம், பிறகு சிவப்பு, வெள்ளை, சிவப்பு. நட்சத்திரத்தை வரையவே முடியவில்லை. ஆறு முறை முயன்றேன். நண்டு, நான்கு கால் நண்டு, உடைந்த மிதியடி. ஏழாவது முறை யோசனையை மாற்றினேன். நடு வட்டம் முழுவதும் முதலில் வெளிர்சாம்பல், மேலே வெள்ளை. பிறகு நீலத்தை வெளியிலிருந்து உள்ளே முக்கோணம் முக்கோணமாகக் கொண்டுவந்தேன். ஐந்து முக்கோணம் போட்டதும் நட்சத்திரம் மிஞ்சியது. ஒரு முனை கொஞ்சம் குட்டை.

மூச்சை வெளியே விட்ட நிலையில் கோடு போட வேண்டும். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்தும் என் கை நடுங்குகிறது. தூக்கமின்மை என்று வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

புயலுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஃபெஞ்சல். அண்ணா துபாயில் விமானம் மாறுகிறான்.

நவம்பர் 30, சனி

நண்பகலோடு சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அண்ணா அங்கேயே நிற்கிறான். மின்சாரம் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். வேலைக்கு வரும் பெண் வரவில்லை, வரவும் வேண்டாம் என்றேன்.

சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை. அண்ணா வரவில்லை என்றதும் இன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. அரிசி உப்புமா செய்தேன். எமர்ஜென்சி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் அயர்ன் மேனுக்குப் பொன் போட்டோம். அவள் பிடித்துக்கொண்டாள், நான் பூசினேன். பொம்மையை நேராகக் கையில் பிடிக்காமல் மாத்திரை டப்பாவின் மூடிமேல் ஒட்டிக்கொண்டால் விரல் படாது. இந்த வீட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து தனியாக நிற்க முயன்றாள். நான் தூங்கிவிட்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுந்தேன். விழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அக்கா, கொல்லையில் தண்ணீர் வந்துவிட்டது" என்றாள். இந்த வீட்டுக்குக் கொல்லை கிடையாது. மூன்றாவது மாடி.

அண்ணா சொல்வது சரிதானோ என்று அப்போது தோன்றியது.

டிசம்பர் 1, ஞாயிறு

தூரிகைகளை எல்லாம் கழுவினேன். ஏற்கெனவே கழுவியவற்றையும்.

டிசம்பர் 3, செவ்வாய்

அண்ணா வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். அம்மா அவனைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று வாரமாக நான் அக்கா.

பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஹல்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்றான்.

"முடித்தாயிற்று."

டிசம்பர் 5, வியாழன்

சண்டை. எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

அண்ணாவுக்குத் தூக்கம் வரவில்லை, நேர மாற்றம். நள்ளிரவில் வந்து எதிரில் உட்கார்ந்தான். எதையாவது கொடு என்றான். அல்ட்ரானைக் கொடுத்தேன். கறுப்பு ஏற்கெனவே போட்டிருந்தேன். உலர்பூச்சு எப்படி என்று சொன்னேன்: பழைய மேக்கப் பிரஷ், வெள்ளி வண்ணம், காகிதத்தில் துடைத்துத் துடைத்து இனி எதுவும் இல்லை என்ற நிலையில் பொம்மைமேல் லேசாகத் தடவ வேண்டும். மேடுகளில் மட்டும் பிடிக்கும். சின்ன வயதில் கொலு யானையின் தந்தத்தை உடைத்துவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டை ஒட்டிவைத்துத் தப்பித்தவன் இவன். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். உலோகம் அப்படியே மின்னுகிறது.

பத்தில் அதுதான் அழகாக வந்திருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

போய்ப் பார்த்தோம். தரைத்தளம். சலவை சேர்த்திதான். வாசலில் யாரோ சாக்பீஸால் கோலம் போட்டிருந்தார்கள், கம்பி கோணல்.

டிசம்பர் 10, செவ்வாய்

கார்த்திகை அன்று கண் திறக்கலாம் என்று அம்மா நாள் குறித்துவிட்டாள். அதே நாளைத் தாண்டி அண்ணாவும் ஒரு நாள் குறித்திருக்கிறான்.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடியும் கனமழை. மேட் வார்னிஷ், அதாவது கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத காப்புப் பூச்சு, அடிக்க முடியாது, இந்த ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ரெட் ஸ்கல்லுக்கு ஆனது போதும். அவனுக்குக் கடைசியில் அந்தப் பொரியின் மேலேயே சிவப்பைப் போட்டு வாஷும் கொடுத்தேன். மண்டையோட்டு முகத்துக்கு அது பொருந்திவிட்டது. வேண்டுமென்றே செய்ததாக யாரிடமாவது சொல்லலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

பால்கனியில் பன்னிரண்டு விளக்கு. காற்றில் நான்கு நின்றன. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

சுத்த வெள்ளை வைத்தால் முழிப்பதுபோல் ஆகிவிடும் என்பதால் தந்த நிறம், அதன்மேல் 0 எண் தூரிகையின் நுனியால் ஒரு கறுப்புப் புள்ளி. கேப்டன் மார்வெல் முதலில். ஒரு கண் என்னைப் பார்க்கிறது, இன்னொன்று சமையலறையை. துடைத்துத் திரும்ப. கேப்டன் அமெரிக்கா ஒரே முயற்சியில். அண்ணா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். அறையில் யாரும் பேசவில்லை.

"அவனுக்குத் தலைக்குத் தண்ணீர்?" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஊற்றலாம் அம்மா" என்று அண்ணா சொன்னான். அவனுக்கு அந்தக் கதையே தெரியாது.

டிசம்பர் 15, ஞாயிறு

பெட்டியில் வைக்க வேண்டியவை: எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, இரண்டு ஸ்வெட்டர், வெற்றிலை உரல் (விடுவார்களா?), கண்ணாடி. வண்டி நாளை ஒன்பதரைக்கு.

பிளாக் விடோவுக்கு இடது கண் பாக்கி.