அட்ரோபினுக்குக் கட்டுப்படாத ஏற்பி

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவருக்கு முறிமருந்தான அட்ரோபின் கொடுத்ததும் நுரையீரல் இரைச்சல் அடங்குகிறது, நாடித்துடிப்பு 80ஐத் தாண்டுகிறது. ஆனால் இரண்டாம் நாள் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகலாம். காரணம், நரம்பின் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் (அது வந்து ஒட்டும் புரதங்கள்) உண்டு: மஸ்கரினிக், நிகோடினிக். அட்ரோபின் அடைப்பது மஸ்கரினிக்கை மட்டுமே. ஆங்கிலேய மருந்தியலாளர் ஹென்றி டேல் 1914லேயே இந்த இரு வகைச் செயல்களையும் பிரித்துக் காட்டிவிட்டார்.

மஸ்கரினிக் ஏற்பியில் துளை கிடையாது. அது செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தைத் தூண்டிவிட, அந்தப் புரதம் உள்ளே மற்ற வேலைகளைத் தொடங்கிவைக்கும். அதனால் சற்று மெதுவானது. இதன் உட்பிரிவுகளில், இதயத்தில் உள்ள எம்2 துடிப்பைக் குறைக்கும். எம்3 எச்சிலையும் சளியையும் பெருக்கி, மூச்சுக்குழாயை இறுக்கும்.

தசையில் இருக்கும் நிகோடினிக் ஏற்பியோ ஒரு வாயில். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவில் துளை. அவற்றில் ஆல்ஃபா எனப்படும் இரண்டு துண்டுகளின் ஓரத்திலும் ஒவ்வொரு அசிட்டைல்கோலின் வந்து ஒட்டினால் துளை திறந்து சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். வழக்கமாக இது சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கோலினெஸ்டரேஸ் நொதி அசிட்டைல்கோலினை உடனே சிதைத்துவிடுமே! பூச்சிமருந்து முடக்குவது அந்த நொதியைத்தான். அசிட்டைல்கோலின் அங்கேயே தேங்கும். முதலில் தசை துடிக்கும். பிறகு ஏற்பி மரத்துப்போய், ஒட்டியிருந்தும் திறக்காது. தசை தளரும்.

அட்ரோபின் மஸ்கரினிக் இடத்துக்காக அசிட்டைல்கோலினோடு போட்டி போடுவது. தேக்கம் அதிகமானால் மருந்தும் அதிகம் வேண்டும். அதனால்தான் பெரியவர்களுக்கு 1.8 முதல் 3 மி.கி. வரை நரம்பில் செலுத்தி, பலன் போதாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குகிறார்கள். 0.6 மி.கி. ஆம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) என்றால், அந்த முதல் அளவு 3 முதல் 5 ஆம்பூல். கண்மணி விரிவதை மட்டும் இலக்காக வைப்பது தவறு. நுரையீரல் தெளிவதே முக்கியம். காய்ச்சல், பிதற்றல், குடல் ஓசை நிற்பது மூன்றும் சேர்ந்தால் மருந்து மிஞ்சிவிட்டது.

தசைத் தளர்ச்சிக்கு அட்ரோபின் எத்தனை ஆம்பூல் ஏற்றினாலும் பயனில்லை. 1987இல் இலங்கை மருத்துவர்கள் 'இடைநிலை நோய்க்குறி' என்று விவரித்தது இதைத்தான்: 1 முதல் 4 நாளுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் தளர்வது. ஆகவே நெஞ்சு தெளிந்த பிறகும், மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கச் சொல்லி அடிக்கடி சோதியுங்கள். முடியாவிட்டால், ஆக்சிஜன் அளவு குறையும்வரை காத்திராமல் வென்டிலேட்டரைத் தயார் செய்யுங்கள்.