லொசாடாவில் மகனைக் கால்பந்து அணியில் சேர்த்த அனுபவம்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் உள்ள சாவோ பெந்து நிலையத்தில் காயிடே போகும் புறநகர் ரயிலில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லொசாடா நகராட்சிக்குள் வந்துவிடலாம். திராட்சைக் கொடிகளும் கருங்கல் சுவர்களும் நிறைந்த சிறிய ஊர். கணவருக்குப் போர்ட்டோவில் வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்தோம். மகனுக்கு அப்போது 11 வயது. போர்ச்சுகீசிய மொழி சரியாக வராத பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே நண்பர்கள் கிடைக்க ஒரே வழி கால்பந்துதான் என்று நினைத்து, செப்டம்பரில் உள்ளூர் கிளப்புக்குப் போனோம்.

கிளப் அலுவலகம் மாலையில்தான் திறக்கும். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சம்பளம் வாங்காமல் வந்து உட்காருபவர்கள். கேட்ட காகிதங்கள் எளியவைதான்: வசிப்பிட அட்டை, வரி எண், புகைப்படம், பெற்றோர் கையெழுத்து, மருத்துவர் நிரப்பித் தரும் விளையாட்டு மருத்துவப் பரிசோதனைப் படிவம். விளையாட்டுக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், சனிக்கிழமை ஆட்டம் என்று மகன் காலணியைத் துடைத்து வைத்தான்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: "பையன் எந்த நாட்டுக் குடிமகன்?"

18 வயது நிறையாதவர்களை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய் வீரராகப் பதிவு செய்ய, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை வைத்திருக்கிறது. விளையாட்டுக் கனவைக் காட்டிப் பிள்ளைகளைக் கடத்திப்போய்க் கைவிட்ட கொடுமைகள் நடந்ததால் வந்த தடை இது. சொந்த நாடல்லாத இடத்தில் முதன்முறையாகப் பதிவு செய்யும் பிள்ளைக்கும் அது பொருந்தும். 2015 முதல் 10 வயதிலிருந்தே கெடுபிடி தொடங்கிவிடுகிறது. விதிவிலக்குகள் சில உண்டு. எங்களுக்குப் பொருந்தியது, பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்பது. அதை நிரூபிக்க வேண்டும். கணவரின் வேலை ஒப்பந்தம், மூவரின் பாஸ்போர்ட், வசிப்பிட அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், ஏன் வந்தோம் என்று நாங்களே எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், இவ்வளவும் கிளப் வழியாக நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புக்குப் போக வேண்டும்.

நாங்கள் மாட்டிக்கொண்டது பெயரில். மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர். எனக்கோ என் அப்பாவின் பெயர். பிறப்புச் சான்றிதழில் இவையெல்லாம் வெறும் முதலெழுத்துகள். தாய்வழி, தந்தைவழி என இரண்டு குடும்பப் பெயர்களையும் பிள்ளைக்குச் சேர்த்துவைக்கும் நாட்டில், இந்த மூவரும் ஒரே குடும்பம் என்று காகிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விண்ணப்பம் திரும்பி வந்தது. எங்களிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை, அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்கு முன்னாலோ பின்னாலோ வரும் என்று தாத்தாவிலிருந்து வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயரும் எந்தக் காகிதத்தில் எப்படி வருகிறது என்று அட்டவணை போட்டு இன்னொரு கடிதம் வைத்தேன். நம் ஊரிலிருந்து வருபவர்கள் இந்தக் கடிதத்தை முதல் நாளே வைத்துவிடுங்கள். எங்களுக்கு வீணாய்ப் போன இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகும்.

அதுவரை பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்தில் இறங்க முடியாது என்றார்கள். வாரம் மூன்று நாள் எல்லோரோடும் ஓடியவன், சனிக்கிழமை மட்டும் கம்பி வேலிக்கு வெளியே மழைக்கோட்டோடு நின்றான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கிளப் அலுவலகத்தில் எங்கள் காகிதங்களைக் கவனித்த பெரியவர்தான் ஒரு மாலை, "அவனை ஹாக்கிக்கு அனுப்பிப் பாருங்களேன்" என்றார். போர்ச்சுகலில் ஹாக்கி என்றால் பெரும்பாலோருக்குச் சக்கரக் காலணியில் ஆடுவதுதான் நினைவுக்கு வரும். 2019இல் அதில் உலகச் சாம்பியன் ஆன நாடு இது. ஆனால் லொசாடா வேறு மாதிரி. இந்தச் சின்ன ஊரின் அணி புல்தரை ஹாக்கியில் தேசியச் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது, ஐரோப்பியப் போட்டிகளுக்கும் போயிருக்கிறது. கடைக்காரர்கூட அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஹாக்கிக்குத் தனிக் கூட்டமைப்பு, தனிப் பதிவு. அதே மருத்துவப் படிவத்தின் நகலும் வசிப்பிட அட்டையும் போதுமானதாக இருந்தது. ஒரே வாரத்தில் பதிவு முடிந்தது. மட்டையைக் கிளப்பே இரவல் கொடுத்தது. பல்லுக்கு மவுத் கார்டும் காலுக்கு ஷின் கார்டும் மட்டும் வாங்கினோம். மகன் இடதுகைக்காரன். ஹாக்கியில் இடதுகை மட்டை கிடையாது, தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தை அடிக்க வேண்டும் என்று தெரிந்ததும் முதல் வாரம் அழுதான். பயிற்சியாளரை இங்கே பிள்ளைகள் 'மிஸ்தர்' என்று கூப்பிடுவார்கள். அந்த மிஸ்தர், பாதிதான் புரியும் என்று தெரிந்தும் அவனிடம் போர்ச்சுகீசிய மொழியிலேயே பேசிக்கொண்டு, பின்னால் நின்று இரண்டு கைகளையும் பிடித்துப் பழக்கினார். வீட்டில் முதன்முதலாக அவன் முழு வாக்கியமாகச் சொன்ன போர்ச்சுகீசியம் ஹாக்கி மைதானத்தில் கற்றதுதான்.

கால்பந்து அனுமதி பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பெரியவர் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலும் தழுதழுத்தது. அந்தச் சனிக்கிழமை காலை கால்பந்து, ஞாயிறு ஹாக்கி. கால்பந்தில் கடைசிப் பத்து நிமிடம்தான் இறக்கினார்கள். வெளியே வந்தவன் சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நாளைக்கு மட்டையை எடுத்து வைத்துவிட்டாயா?" என்று கேட்டான்.