150-க்குப் பின்னால் ஓர் எழுத்து

குளிர்பானமும் சாஸும் தயாரிக்கிற இடத்தில், தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை எனக்கு. அதனால் ‘கோலா குடித்தால் புற்றுநோய்’ என்று வாட்ஸ்அப்பில் எது சுற்றினாலும் சொந்தக்காரர்கள் முதலில் எனக்குத்தான் தள்ளிவிடுவார்கள். இந்த முறை அண்ணி. கோலாவுக்குப் பழுப்பு நிறம் தரும் கேரமல் கலர் என்பது அம்மோனியா ஊற்றிக் காய்ச்சிய விஷமாம், உண்மையா என்று கேட்டிருந்தார்.

“எந்த கேரமல் கலர், அண்ணி?” என்று திருப்பிக் கேட்டேன். கிண்டலுக்கில்லை. ஒரே பெயரில் நாலு சரக்கு இருக்கிறது. சர்க்கரையைச் சூடேற்றிக் கருக்குவது நாலுக்கும் பொது. பாக்கெட்டின் பட்டியலில் இதற்கான எண் 150, ரகத்தைச் சொல்வது அதன் பின்னால் வரும் எழுத்து. அம்மோனியாவும் சல்ஃபைட் என்ற கந்தக உப்பும் சேராதது 150ஏ. சல்ஃபைட் சேர்ந்தது 150பி, அம்மோனியா சேர்ந்தது 150சி, இரண்டும் சேர்ந்தது 150டி. கோலாவில் இருப்பது இந்தக் கடைசி ரகம்.

எதற்கு நாலு? நிறத்துக்காக மட்டுமில்லை, மின்னூட்டத்துக்காக. கேரமல் துகள்களுக்கு நேர் அல்லது எதிர் மின்னூட்டம் உண்டு. பியரில் உள்ள புரதங்கள் நேர் மின்னூட்டம் கொண்டவை, அதனால் அங்கே அதே ஜாதியான 150சி போகும். குளிர்பானத்துக்கு எதிர் மின்னூட்டமும் அமிலத்தைத் தாங்கும் குணமும் உள்ள 150டி வேண்டும். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுவிடும். அதனால் மாற்றி ஊற்றினால் சிக்கல்தான். கலந்த உடனே ஒன்றும் தெரியாது, நிறம் அம்சமாகத்தான் இருக்கும். பாட்டிலை அப்படியே விட்டுவைத்தால் மெல்லக் கலங்கும், பிறகு அடியில் பழுப்பாக வண்டல் தட்டும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை ஒருமுறை செய்தே காட்டிவிடுவேன். எத்தனை பக்கம் படிக்கக் கொடுத்தாலும் இந்த வண்டல் மாதிரி மனதில் நிற்காது. டிரம்மைத் திறந்ததும் மிட்டாய் வாசனை வரும் என்று மூக்கை நீட்டி ஏமாறுவதும் அவர்கள்தான். கருகல் வாடை அடிக்கும், தொட்டு நாக்கில் வைத்தால் கசக்கும். தினப்படி வேலை என்னவோ சாதாரணம்: நீரில் 0.1 சதவீதக் கரைசல் போட்டு, 610 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது.

இனி அண்ணியின் பயம். சர்க்கரையும் அம்மோனியாவும் சேர்ந்து வேகும்போது 4-மெத்தில் இமிடசோல் என்ற பொருள் துளித்துளியாக உருவாகும். ஆகவே அந்தக் கேள்வி சி, டி இரண்டுக்கும்தான். ஏ-யை இதில் இழுக்க நியாயமில்லை. 2007-இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட ஆய்வில், இதை அதிக அளவில் தின்ற சுண்டெலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் வந்தன. 2011-இல் கலிஃபோர்னியா இதைத் தன் புற்றுநோய் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. பிறகு நாளுக்கு 29 மைக்ரோகிராம் என்று வரம்பும் வைத்தது. பெரிய கோலா கம்பெனிகள் 2012-இல் சப்ளையர்களிடம் தயாரிப்பு முறையை மாற்றச் சொன்னதும் அதனால்தான். எலிகளுக்குக் கொடுத்த அளவை எட்ட ஒருவர் நாளுக்கு ஆயிரம் கேனுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்போது சொன்னது. வறுத்த காபிக்கொட்டையிலும் இதே பொருள் உண்டு. அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

“அப்போ பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?” என்றார் அண்ணி. வேண்டாம் என்றுதான் சொன்னேன். 330 மில்லி கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, காரணமாக அது ஒன்றே போதும்.

எனக்குக் கடுப்பேற்றுவது வேறு இடம். கோலா கறுப்பாக இருப்பதால் அது சத்தானது என்று யாரும் நம்புவதில்லை. ரொட்டியில் நம்புகிறார்கள். மைதா மாவில் கொஞ்சம் கேரமல் கலர் விட்டால் தவிட்டோடு அரைத்த முழுக்கோதுமை ரொட்டியின் தோற்றம் வந்துவிடும். விஸ்கியிலும் இதே வேலைதான்: ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணீரைத் தவிரச் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பது சாதாரண கேரமல் நிறத்தை மட்டும்தான். பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறாமல் இருக்க என்பார்கள். அடர்ந்த நிறத்தைப் பார்த்து ரொம்ப வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தது என்று குடிப்பவர் நினைத்துக்கொண்டால், அதை யாரும் மறுக்கப் போவதில்லை.

ரொட்டி விஷயத்தில் அண்ணிக்கு ஒரு வழி சொன்னேன். பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் அதில் முதலில் வரும். முதல் பெயர் மைதாவாகவும் பட்டியலின் கடைசியில் 150 என்றும் இருந்தால், அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கவே வேண்டியதில்லை.