குழந்தைகளின் நுரையீரல் அல்ட்ராசவுண்ட்: பி.ஜி. சேர்ந்தவர்களுக்குச் சில வழிகாட்டல்கள்

எம்.டி. பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவ முதுநிலைப் படிப்பு) சேர்ந்த ஜூனியர்கள் நுரையீரல் அல்ட்ராசவுண்டை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நோயில்லாத நுரையீரலிலிருந்து என்றுதான் சொல்வேன். நிமோனியா வீடியோக்களைப் பார்த்துவிட்டு நேராக மூச்சு வாங்கும் குழந்தையிடம் போனால், திரையில் தெரிவதெல்லாம் நோயாகவே தோன்றும். வயிற்றுப்போக்குக்கோ காய்ச்சல் வலிப்புக்கோ சேர்ந்து, தேறி, டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் வார்டில் எப்போதும் இருப்பார்கள். யூனிட் சீஃபிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு முதலில் அவர்களைப் பாருங்கள்.

புரோப்பை (உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடிக் கருவி) விலா எலும்புகளுக்குக் குறுக்கே நெட்டுக்குத்தாக வைத்தால் இரண்டு கறுப்பு நிழல்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே, சற்றுக் கீழே, மூச்சோடு சேர்ந்து நகரும் வெள்ளைக் கோடுதான் ப்ளூரா, அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள உறை. அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கையாக வரும் கோடுகள் ஏ-லைன்கள். கைக்குழந்தைகளின் முன்பக்க விலாக்கள் குருத்தெலும்பாக இருப்பதால் நிழல் முழுதாக விழாது, ப்ளூரா கோடு அதன் ஊடாகவும் தெரியும். முதலில் இது குழப்பும், நாலைந்து பிள்ளைகளைப் பார்த்தால் பழகிவிடும். உயர் அதிர்வெண் லீனியர் புரோப் போதும். கைக்குழந்தைக்கு ஆழம் 4 முதல் 6 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். படத்தை அழகாக்கும் செட்டிங்குகளை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டிய கோடுகளையே அவை அழித்துவிடும்.

மார்பின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். படுத்தே இருக்கும் குழந்தைக்கு நோய் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பக்கமும் முன், பக்கவாட்டு, பின் என மூன்று பகுதிகளையும், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் பாருங்கள். குழந்தையைக் கட்டிலில் கிடத்திப் பிடித்து அழவைத்தால் எதுவும் தெரியாது. “அம்மா, பிள்ளையைத் தோள்ல சாய்ச்சுக்கோங்க, நான் முதுகுல மட்டும் தடவிப் பாக்குறேன், ஊசியெல்லாம் இல்ல” என்று சொல்லுங்கள், அம்மா முகம் தெளிந்ததும் பிள்ளையும் அடங்கும். ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பாமலேயே தாயின் மடியில் வைத்து முழு முதுகையும் பார்த்துவிடலாம், எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான். முடிந்ததும் புரோப்பைத் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போகவே கூடாது. ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் பரவும் மாதங்களில் அந்த ஒரு துடைப்பு ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம்.

புரோப்பைக் கையில் எடுக்கும் முன் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதம் முதல் 11 மாதம் வரை 50-ம், 1 முதல் 5 வயது வரை 40-ம் வேகமூச்சின் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நெஞ்சு உள்வாங்குகிறதா, பால் குடிக்கிறதா, ஆக்ஸிஜன் அளவு என்ன என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் திரையில் தெரிவதற்குப் பொருள் உண்டு.

பிராங்கியோலைட்டிஸில் (வைரஸால் சிறு மூச்சுக்குழல்கள் வீங்கும் நோய்) ப்ளூராவிலிருந்து திரையின் அடிவரை இறங்கும் பி-லைன்கள் இருபுறமும் திட்டுத்திட்டாக வரும், ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் கவனியுங்கள். ப்ளூராவை ஒட்டிச் சிறுசிறு கறுப்புக் குழிவுகளும் இருக்கும். இவற்றைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் எழுதுவதுதான் பெரிய ஆபத்து. 2013-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஒரு மணி நேரப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நிமோனியா சந்தேகமுள்ள 200 பேரைப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டபோது சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரைச் சரியாகக் கண்டுபிடிப்பது) 86%, ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரைச் சரியாக விலக்குவது) 89%. 1 செ.மீ.க்கு மேற்பட்ட கன்சாலிடேஷனை (காற்று இழந்து திடமான நுரையீரல் பகுதி) மட்டும் கணக்கில் எடுத்தபோது ஸ்பெசிஃபிசிட்டி 97% ஆனது. அதனால் கன்சாலிடேஷன் கண்டால் அளந்து எழுதுங்கள். கல்லீரல்போல் திடமாகத் தெரியும் பகுதிக்குள் வெள்ளைப் புள்ளிகள் மூச்சோடு ஓடினால் நிமோனியா பக்கம் சாயலாம். அசையாமல் நின்றால் நுரையீரல் சுருங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. பாக்டீரியாவா வைரஸா என்று இந்தக் கருவி உறுதியாகச் சொல்லாது. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் மட்டும் இதற்கு இணை இல்லை, சீழில் ஓடும் இழைத் தடுப்புகள் சி.டி.யைவிட இதில் நன்றாகத் தெரியும்.

இரண்டு இடங்களில் நின்று நிதானியுங்கள். கைக்குழந்தையின் மார்பெலும்பை ஒட்டித் திடமாகத் தெரிவது தைமஸ் சுரப்பியாக இருக்கலாம், அதற்குள் காற்றுப் புள்ளிகள் ஓடாது. இடது அடிப்பகுதியில் மண்ணீரலும் காற்று நிறைந்த இரைப்பையும் சேர்ந்து கன்சாலிடேஷன் வேஷம் போடும். டயஃப்ரம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) எங்கே என்று கண்டுபிடித்த பிறகே மேலே நகருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவிகள் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. கையடக்கக் கருவியை நாமே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பார்க்க முடியாது. உங்கள் வார்டின் கருவி எப்படிப் பதிவாகியிருக்கிறது, யார் பயன்படுத்தலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரே எடுத்த குழந்தைகளை, படத்தைப் பார்க்கும் முன்பே ஸ்கேன் செய்து முடிவை எழுதிவையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். எனக்குக் கை பழகியது இப்படித்தான். வைவாவிலும் இதுதான் உதவியது. “எந்த நிமோனியா இதில் தப்பும்?” என்று எக்ஸாமினர் கேட்டார். ப்ளூராவைத் தொடாதது, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் மறைந்தது என்றேன். நம் ஊரில் காசநோயில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் வீங்கும் ஹைலர் நிணக்கணுக்களும் இதில் எளிதில் அகப்படாது, அந்தச் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். கேஸ் சொல்லும்போதும் “ஸ்கேனில் நிமோனியா” என்று நிறுத்திவிடாதீர்கள். “வலது பின்கீழ்ப் பகுதியில் 2 செ.மீ. கன்சாலிடேஷன், உள்ளே காற்று ஓடுகிறது, நீர் இல்லை” என்று சொல்லுங்கள், எத்தனை செ.மீ., எந்தப் பக்கம் என்றுதான் அடுத்துக் கேட்பார்கள்.