டமால் என்று ஒரு தமால்

ஜனவரி 6, மெக்சிகோக்காரர்களுக்கு மூன்று ராஜாக்கள் பண்டிகை. பிறந்த குழந்தை ஏசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து பரிசுகளோடு வந்தார்களே, அந்த மூவரின் நாள். தெற்கு கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள தீம் பார்க்கில் இதை மரியாச்சி பாட்டுக்காரர்களை வைத்து விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ராட்டினம் எதிலும் அம்மா ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "டிக்கெட் விலையைக் கேட்டப்பவே தலை சுத்திருச்சு. இதுக்கு மேல தனியா வேற சுத்தணுமா?"

சரி, சாப்பாட்டுப் பக்கம் போவோம் என்று போனோம். அங்கேதான் எனக்கு வினை. பத்து வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறேன் என்ற மிதப்பில், ஒவ்வொரு கடையாக நின்று அம்மாவுக்கு விளக்கவுரை நடத்திக்கொண்டே போனேன். "இது புன்யுவேலோ. மெல்லிசா தட்டிப் பொரிச்சு, மேல பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவுவாங்க. இது சம்புராடோ. மக்காச்சோள மாவு, சாக்லேட், பட்டை, வெல்லம் எல்லாம் போட்டு மத்தால கடைஞ்சது." அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "கூழுதானே? அதுக்கு ஏன்டா இம்புட்டு பேரு?"

அடுத்தது தமால், மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து அவிக்கிற பண்டம். அம்மா சைவம். பாரம்பரியமாக அந்த மாவைப் பன்றிக் கொழுப்பு விட்டுத்தான் பிசைவார்கள். இங்கே எண்ணெய்தான் என்று இரண்டு தடவை விசாரித்த பிறகு, பச்சை மிளகாய்க் கீற்றும் சீஸும் வைத்ததில் இரண்டு வாங்கினேன். "டமாலா?" என்றாள் அம்மா. "தமால்மா, தமால்." உட்கார இடமில்லை. ஒரு மெக்சிகோப் பாட்டியும் பேத்தியும் இருந்த மேசையில் ஒண்டிக்கொண்டோம்.

விளக்கவுரையைத் தொடர்ந்தபடியே ஒரு கடி கடித்தேன். மென்றேன். மறுபடி மென்றேன். தென்னங்கீற்றைத் தின்பது மாதிரி இருந்தது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, பாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், அம்மா மேலே சுற்றியிருந்த மக்காச்சோளத் தோலை அழகாகப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்ததைப் பாதிக்கு மேல் முடித்திருந்தாள். "இலைக் கொழுக்கட்டைடா இது. இலையோடவா திம்பாங்க?"

எனக்கு முன்னாலேயே இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. 1976இல் டெக்சாஸுக்கு ஓட்டுக் கேட்கப் போன அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு, ஊர் பார்க்கத் தமாலைத் தோலோடு கடித்தார். அப்புறம் கட்சிக்குள் நடந்த தேர்தலில் டெக்சாஸ் ரீகனுக்குப் போனது, நவம்பரில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் எதிர்க்கட்சி கார்ட்டருக்குப் போனது. எனக்கு இழக்க டெக்சாஸ் கிடையாது. அம்மாவிடம் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதைதான் போனது.

அதற்குள் பாட்டியும் அம்மாவும் சிநேகிதமாகிவிட்டார்கள். இவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் பேத்தியும் நானும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டால் மணியின் தோல் கழன்றுவிடும், அரைத்த மாவும் உதிராமல் சேரும் என்றார் பாட்டி. "சுண்ணாம்பா? வெத்தலைக்குப் போடுவோமே, அதேவா?" என்று அம்மா கேட்டாள். அதே. அம்மாவுக்கு மெக்சிகோ மேல் நம்பிக்கை வந்தது அந்த நொடியில்தான்.

பாட்டி தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தீம் பார்க்குக்கும் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிவரும் சாதி போலிருக்கிறது. உள்ளே ரோஸ்கா ரொட்டித் துண்டுகள். கிரீடம் மாதிரி வட்டமாகச் சுட்டு, மேலே சர்க்கரையில் ஊறிய பழங்களைப் பதிப்பார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். இந்த முறை எச்சரிக்கையாக மெல்லக் கடித்தேன். பல்லில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை!

பாட்டி கைதட்டினார். ரொட்டிக்குள் ஒளித்துவைத்த குழந்தை ஏசு யாருக்குக் கிடைக்கிறாரோ, அவர் பிப்ரவரி 2ஆம் தேதி கந்தெலாரியா பண்டிகைக்கு எல்லோருக்கும் தமால் போட வேண்டுமாம். தமாலைத் தின்னவே தெரியாதவன் தலையில் அதைச் செய்கிற பொறுப்பு. நான் அசட்டுச் சிரிப்போடு நழுவப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "சாமி காரியம்டா" என்று பேத்தியிடம் எங்கள் விலாசத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

மெக்சிகோக் கடையில் சுண்ணாம்பு போட்டே அரைத்த மாவு பாக்கெட்டில் கிடைத்தது. அம்மாவுக்கு அதில் ஏக வருத்தம். மக்காச்சோளத் தோலும் வேண்டாம் என்றுவிட்டாள். இந்தியக் கடை ஃப்ரீசரிலிருந்து வாழை இலை வாங்கிவந்து, பாதிக்குக் காரம், பாதிக்குத் தேங்காய்ப் பூரணம் வைத்து, இட்லிப் பானையில் அவித்தாள்.

பிப்ரவரி 2, சாயங்காலம். பாட்டி இலையைப் பார்த்ததும் "வாஹாக்கா!" என்று கத்தினார். நான் பயந்துபோனேன். மெக்சிகோவில் தெற்கே வாஹாக்கா பக்கம் வாழை இலையில் மடிப்பார்களாம், பாட்டியின் அம்மா ஊராம். அம்மா, எனக்குத் தெரியாதா என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

எல்லோருக்கும் முன்னால் பாட்டி ஒரு தமாலை எடுத்தார். பொறுமையாக இலையைப் பிரித்தார். இலையைத் தூரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் என் தட்டில் போட்டார்.