குளிகையில் விழுந்த வேம்பு

கணக்கு ஆசிரியராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், காரைக்குடியில் மரம் வெட்டும் தொழில் செய்கிற என் தம்பி மகனுக்கு இப்போது கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு எழுதுவது பெயருக்குத்தான். வீட்டுக்காரர்களிடம் பேசுவதே எனக்கு இட்டிருக்கும் வேலை. மரம் அரை நாளில் இறங்கிவிடும், ஆனால் அந்த வீட்டுப் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க அரை ஆண்டு ஆகும் என்பதால், நரைத்த தலையோடும் வெள்ளை வேட்டியோடும் ஓர் ஆள் உடன் வருவது நல்லது என்பது அவனுடைய அனுபவம்.

சென்ற ஆண்டு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வேம்பை இறக்கப் போனோம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு. பின்கட்டை ஒட்டி 50 அடி உயரத்தில் மரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வீட்டுப் பக்கமாகச் சாய்ந்த அது, அதன் பிறகு நிமிரவே இல்லை. அடிமரத்தைக் கோடரியின் பின்பக்கத்தால் தட்டினால் வெறும் பானையைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது, உள்ளே பொந்து. அது தானாக விழுந்தால் முதலில் நாட்டு ஓடு, அதற்குக் கீழே பர்மாத் தேக்கு, அதற்கும் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று வரிசையாக நொறுங்கும் என்று நான் விளக்கிய பிறகுதான் சிங்கப்பூர்ப் பங்காளி சம்மதித்தார்.

செவ்வாயும் வெள்ளியும் வேம்பில் கை வைக்கக் கூடாது என்பதால் புதன்கிழமை என்று முடிவாயிற்று. வீட்டு ஆச்சிக்கு வயது 82. நாள்காட்டியைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன கணக்கு இது: காலை 7.30 முதல் 9 வரை எமகண்டம், 10.30 முதல் 12 வரை குளிகை, 12 முதல் 1.30 வரை ராகு காலம். கிரேனுக்கோ குறைந்தது நான்கு மணி நேர வாடகை. வந்து நின்றுவிட்டால், அது தூக்கினாலும் தூங்கினாலும் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, வேலையைத் தொடங்க எங்களுக்குக் கிடைத்தது 9 முதல் 10.30 வரையிலான ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் அந்நேரத்தில் கடனை அடைக்கலாம், நகை வாங்கலாம், பிணத்தை மட்டும் எடுக்கக் கூடாது. மரம் வெட்டுவது இதில் எந்த வகை என்பதில்தான் சிக்கல். ஆச்சிக்கு அது செலவு, எனவே ஆகாது. என் தம்பி மகனுக்கு அது வரவு. "குளிகையிலேயே தொடங்கினால் என்ன பெரியப்பா?" என்று அவன் என் காதருகே கேட்டபோது, நான் கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.

கிரேன் 8.15க்கே வந்துவிட்டது. ஆனால் 9 மணிக்குக் கற்பூரம் ஏற்றியபோது சென்னைப் பங்காளி வீடியோவில் வந்தார். அவருக்கு மரத்தைச் சுற்றிக் காட்டி முடித்ததும் சிங்கப்பூர்க்காரர் வந்தார். இருவரும் சிறுவயதில் அந்த மரத்தில் ஏறிக் கீழே விழுந்தவர்கள். யார் எந்தக் கிளையிலிருந்து விழுந்தார் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மணி 10.25 ஆகிவிட, ஆச்சி பதறிப்போய், "தம்பி, நேரம் முடியுமுன்னே அடிமரத்தில் ஒரு கீறலாவது போட்டுவிடப்பா" என்றார். முறைப்படி உச்சிக் கிளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருந்தாலும் ஆச்சியின் மன நிறைவுக்காக அவன் இயந்திர ரம்பத்தை இயக்கி, நெஞ்சு உயரத்தில் மரத்தின் மேல் வைத்தான். நான்கு விரற்கடை உள்ளே போயிருக்கும். கிரீச் என்ற சத்தத்தோடு தீப்பொறி பறந்தது.

உள்ளே ஒரு பெரிய ஆணி. மரம் உச்சியில்தான் நீளும், அடியில் பருக்க மட்டுமே செய்யும். ஆகையால் நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி எத்தனை ஆண்டு ஆனாலும் நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். மரம்தான் அதைச் சுற்றிப் பருத்து விழுங்கிவிடும். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அது தம் கல்யாணத்தின்போது துணி உலர்த்தும் கொடிக்காக மாமனார் அடித்தது என்றும், பர்மாவிலிருந்து வந்த ஆணி என்றும், வெளியே எடுத்ததும் கழுவித் தம்மிடம் தர வேண்டும் என்றும் சொன்னார்.

ரம்பத்தில் ஓடும் பற்சங்கிலி கூராக இருந்தால் மரத்தைச் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகக் கொட்டும். ஆணியில் பட்ட எங்களுடையது அன்று மாவையும் கொட்டாமல் புகையைத்தான் விட்டது. மாற்றுச் சங்கிலி காரைக்குடியில் இருந்தது. எனவே ஒவ்வொரு பல்லாக வட்ட அரத்தால் ராவி முடித்து முதல் கிளை இறங்கும்போது மணி 10.55, நட்டநடுக் குளிகை. தொடக்கம் 10.25க்கே ஆகிவிட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஆச்சி பாதி மனதோடு தலையசைத்தார். தம்பி மகனின் முகத்தில் இருந்த மலர்ச்சியைத்தான் என்னால் மறைக்க முடியவில்லை.

பிறகு வேலை ஒழுங்காகவே நடந்தது. மேலே ஏறியவர் கிளையைக் கிரேனின் பெல்டில் கட்டி, இறங்கி ஒதுங்கி நின்று அறுப்பார். அறுந்த கிளை ஊஞ்சல் போல ஒருமுறை ஆடி, மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். 14 டன் தூக்கும் கிரேன் என்பது அதன் கை குறுகியிருக்கும்போது மட்டுமே பொருந்தும் பேச்சு. கை நீள நீளத் தூக்கும் பலம் குறையும் என்பதால் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் எடுத்தாக வேண்டும். ரம்பத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது. எல்லாம் கைச் சைகைதான். முட்டியைக் காட்டினால் நிறுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு.

ஆச்சியின் கொழுந்தனார் பின்வாசல் படியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவருக்கு யாரோ காப்பி ஊற்ற, அவர் போதும் என்று உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். கிரேன் ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டார். பாதி வழியில் தொங்கிய கிளை மிகுந்த பணிவோடு கீழே வந்து, வற்றல் காய்ந்துகொண்டிருந்த கயிற்றுக் கட்டிலின் மேல் அமர்ந்தது. கட்டிலின் நான்கு கால்களும் நான்கு பக்கம் நகர, ஆட்டுக்குட்டி படுப்பதைப் போல அது மெல்லப் படுத்துவிட்டது. பெரியவர் இன்னும் காப்பிக்காகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கட்டிலும் பர்மாவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் அடிமரம். நல்ல மரமாக இருந்தால், விழ வேண்டிய பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அறுத்து, நடுவில் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்தால் அது கதவுக் கீல் போல மடங்கிச் சொன்ன இடத்தில் விழும். பொந்து விழுந்த மரத்தில் அந்தக் கீலை நம்ப முடியாது என்பதால், கிரேனில் பிடித்துக்கொண்டே அறுத்தோம். பொந்தைக் கழித்ததும் 10 அடி நீளமும் 8 அடிச் சுற்றளவும் கொண்ட நல்ல கட்டை மிஞ்சியது. மர வியாபாரி சுற்றளவில் கால் பங்கை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 40 கன அடி என்றார். வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 51 வருகிறது என்று நான் மண்ணில் எழுதிக் காட்டினேன். அவர் அதைக் காலால் அழித்துவிட்டு, "கோணல், பட்டை எல்லாம் எங்கே போகும் சார்?" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆச்சியிடமிருந்து தொலைபேசி வந்தது. நாங்கள் விட்டு வந்த அடிக்கட்டையைச் சுற்றிலும் முழ உயரத்துக்குச் செக்கச்செவேலென்று வேப்பந்தளிர் கிளம்பியிருக்கிறதாம். வேம்பு வெட்டிய இடத்தில் துளிர்ப்பது வழக்கம்தான் என்று நான் தொடங்குவதற்குள் ஆச்சி குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இல்லை வாத்தியாரே, குளிகை. ஒரு தடவைக்குத்தான் நான் காசு கொடுப்பேன். இனி முளைக்க முளைக்க நீங்கள்தான் வந்து வெட்ட வேண்டும்."

தம்பி மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் அரிவாளை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, பஞ்சாங்கத்தை என் கையில் கொடுத்தான்.