காதுக்கட்டு நோட்டு

ஜனவரி 6

மழைக்கு ஒதுங்க டிக்கெட் எடுத்தவன் லண்டனிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஸ்ட்ராண்டில் கோர்ட்டால்ட் கேலரி. உள்ளே ஓவியர் வான்கோ தன்னையே வரைந்த படம், காதில் கட்டோடு. வீடு திரும்பும்போது அதே முகம் அட்டையில் போட்ட நோட்டு ஒன்று பையில் இருந்தது. இந்த வருடமாவது வரவு செலவு எழுதவேண்டும்.

ஜனவரி 7

தேதி எழுதியதோடு சரி. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1888 டிசம்பர் 23 இரவு காதை அறுத்துக்கொண்டவர், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் ஊர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியது 1889-இல் இதே ஜனவரி 7. அந்த மாதமே கண்ணாடி முன் உட்கார்ந்து இதை வரைந்துவிட்டார். போனது இடது காது. படத்தில் கட்டு வலது காதில். கண்ணாடி செய்த வேலை. மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் பாரிஸில் தன் முகத்தையே வரைந்து வரைந்து பழகிய கை, இப்போதும் அதையே செய்திருக்கிறது.

அசலில் பச்சைக் கோட்டின் மேல் பெயிண்ட் தடித்து நிற்கிறது, தடவிப் பார்க்கக் கை பரபரக்கும். நோட்டில் எல்லாம் வழவழ. வலப்பக்கச் சுவரில் அவர் மாட்டியிருக்கும் ஜப்பானியப் படத்தைப் பாதியில் வெட்டி, மிச்சமிருக்கும் ஃபூஜி மலை மேல் எலாஸ்டிக் பட்டையை ஓட விட்டிருக்கிறார்கள். மலைக்கும் ஒரு கட்டு.

ஜனவரி 11

வீடியோ காலில் அம்மா. பொங்கலுக்கும் வரவில்லையா என்று வழக்கமான விசாரணை. லீவு இல்லை என்று வழக்கமான பதில். அப்புறம் மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"யாருடா அது? பல்வலியா?"

தப்பில்லை. தலையில் ரோமத் தொப்பி, தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணி, கழுத்து வரை கோட்டு. மார்கழிப் பனியில் பால் வாங்கக் கிளம்பியவர் மாதிரிதான் இருக்கிறார். கதையைச் சொன்னேன். "ஐயோ" என்றாள். நீயும் வெளியே போகும்போது காதைக் கட்டிக்கொள் என்றாள்.

ஜனவரி 16

பொங்கல் நன்றாக நடந்ததாம், பால் கிழக்கே பொங்கியதாம். நோட்டில் இதுவரை எழுதியது மூன்று செலவு, அதில் ஒன்று இந்த நோட்டு.

பேச்சை முடிக்கும் நேரத்தில் அம்மா கேட்டாள்: "அந்தக் காதுக்காரனுக்கு மனுஷங்க யாருமே இல்லையா?"

"தம்பி இருந்தார். தியோ. தகவல் வந்ததும் பாரிஸிலிருந்து ராத்திரி ரயில் பிடித்து, கிறிஸ்துமஸ் அன்று வந்து பார்த்தார்."

"எத்தனை நாள் இருந்தான்?"

"அன்றைக்கே திரும்பிவிட்டார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"லீவு கிடைச்சிருக்காது, பாவம்" என்றாள்.